நிக் கேவ் ஊரைத் தேடி அஞ்சு நாள்: ஒரு கார், மூணு பேர், 18 ஆல்பம்

நாள் 1, வியாழன். செயின்ட் கில்டா

ரொம்ப நாளா வாயிலயே ஓடிட்டு இருந்த ட்ரிப் இது. ஆஸ்திரேலிய ராக் பாடகர் நிக் கேவ் பொறந்த ஊர், வளந்த ஊர், உருப்படாம சுத்துன ஊர், மூணையும் கார்லயே ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரணும், அவ்ளோதான் பிளான். நான், எங்க ஏரியா அண்ணாச்சி, அவர் மக. அண்ணாச்சிக்கு சொந்த ஊர் பாளையங்கோட்டை, 90-கள்ல மெல்போர்னுக்கு படிக்க வந்தவர், வந்த மாசத்துலயே யாரோ ரூம்மேட் குடுத்த கேசட்டுல மாட்டுனவர். கேவ் விஷயத்துல அவர் சுத்த பழமைவாதி. 1988 வரைக்கும் வந்தது சாமி, அதுக்கப்புறம் 'பரவால்ல', 2013-ல இருந்து வந்தது எல்லாம் 'தூக்கம் வருதுலே'. பாப்பாவுக்கு 22 வயசு, பீக்கி பிளைண்டர்ஸ் டிவி சீரியல் டைட்டில் பாட்டு வழியா உள்ள வந்தவ, அவளுக்கு அப்பா சாமி கும்புடுற ஆல்பமெல்லாம் தலைவலி. நான் நடுவுல மாட்டிக்கிட்டவன்.

ஒரே ஒரு ரூல் வச்சோம். ஆல்பம் வரிசைப்படிதான் ஓடும், கார்ல பத்தாததை ராத்திரி மோட்டல்ல சின்ன ஸ்பீக்கர்ல கேக்கணும், பிடிக்கலைன்னாலும் தாண்டக்கூடாது. கேவோட பேண்டு பேட் சீட்ஸ் மட்டுமே 18 ஸ்டுடியோ ஆல்பம், அதுக்கு முன்னாடி அவரோட பழைய பேண்டு பாய்ஸ் நெக்ஸ்ட் டோர், அதுவே பேர் மாறின பர்த்டே பார்ட்டி, நடுவுல சைடு பேண்டு கிரைண்டர்மேன் ரெண்டு, கடைசில வாரன் எல்லிஸ் கூட ரெண்டு பேரா போட்ட கார்னேஜ். திரும்பி வந்து வீட்டு வாசல்ல நிக்கவும் கடைசி பாட்டு முடியவும் சரியா இருக்கும்னு பாப்பா எக்செல்லே போட்டு வச்சிருந்தா. எக்செல் எல்லாம் ரோட்டுல எங்க நிக்குது.

இன்னைக்கு ஓட்டம் ஊருக்குள்ளயேதான். ஃபிட்ஸ்ராய் ஸ்ட்ரீட்ல டிராம் சத்தத்துக்கு நடுவுல ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம். 70-கள் கடைசில இதுக்குள்ளதான் கிரிஸ்டல் பால்ரூம், மெல்போர்ன் பங்க் கூட்டம் பூரா அடைஞ்சு கிடந்த இடம். கேவும் மிக் ஹார்வியும் கால்ஃபீல்ட் கிராமர் ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச பசங்க, பாய்ஸ் நெக்ஸ்ட் டோர் பேண்டும் அங்கயே முளைச்சதுதான், ஆனா 1978-ல ரோலண்ட் எஸ் ஹோவர்ட் கிட்டாரைத் தூக்கிட்டு வந்து சேந்தப்புறம்தான் அதுக்கு பல்லு வந்துச்சு. நடுவுல கேவ் காலேஜ்ல பெயிண்டிங் படிக்கப் போய் ரெண்டாவது வருஷம் ஃபெயில். அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ஏன்னு கேக்காதீங்க, என் மார்க் ஷீட்டும் அப்படித்தான்.

இந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷன்லதான் இன்னொண்ணு நடந்துச்சு. திருட்டு கேஸ்ல உள்ள உக்கார வச்சிருந்த கேவை ஜாமீன்ல எடுக்க அம்மா வந்திருக்காங்க, வந்த இடத்துல, கார் ஆக்சிடெண்ட்ல அப்பா போயிட்டார்னு சேதி. அந்த அம்மாதான் மகன்கிட்ட சொல்லியிருக்காங்க. அந்த இழப்பு விட்டுட்டுப் போன காலி இடத்துல இருந்துதான் தன் எழுத்தே வந்துச்சுன்னு கேவ் பின்னாடி சொல்லிருக்கார். நான் இதை ரொம்ப வருஷமா ஒரு தகவலா மட்டும்தான் வச்சிருந்தேன். ஸ்டேஷன் இருக்கற பக்கமா நடக்கும்போது அந்த அம்மாவைப் பத்தித்தான் யோசனை ஓடுச்சு, ஒரே நாள்ல ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு எப்படி நின்னிருப்பாங்க.

சாயங்காலம் ரோலண்ட் எஸ் ஹோவர்ட் லேன். ஆமா, அவர் பேர்லயே ஒரு சந்து இருக்கு. குப்பைத் தொட்டி, கராஜ் கதவு, சுவரு மேல ஒரு பூனை, ஒரு போர்டு. 2009 டிசம்பர் 30-ல ஈரல் கேன்சர்ல போனார், வயசு 50. அண்ணாச்சி போர்டுக்கு கீழ நின்னு தொப்பியக் கழட்டுனார், ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் 'போலாம்லே, பசிக்கி'ன்னார்.

ராத்திரி எங்க வீட்டுல பர்த்டே பார்ட்டி ஓடுச்சு. பாப்பா காதுல பஞ்சு வச்சிக்கிட்டா. அந்தக் காலத்து கச்சேரிகள்ல மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல உதையும் குத்தும் சகஜம், பாடுறவன் கூட்டத்துமேல பாய்வான், கூட்டம் பாடுறவன் மேல பாயும். 'அதுல ஒரு உண்மை இருந்துச்சு தம்பி'ன்னு அண்ணாச்சி. அவர் அந்தக் கச்சேரி ஒண்ணையும் பாத்ததில்ல, பேண்டு உடைஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வந்தவர்.

நாள் 2, வெள்ளி. பல்லாரட் வழியா வாரக்னபீல்

காலைல 7 மணிக்கு கிளம்பணும்னு பேசி 8:40-க்கு கிளம்பினோம். புளியோதரை, தயிர்சாதம், ஒரு பை நிறைய முறுக்கு. மொத்தம் ஒரு 330 கிலோமீட்டர், வெஸ்டர்ன் ஹைவேல வடமேற்கா.

ஆல்பம் வரிசைல இப்போ பெர்லின். 1980-ல லண்டன் போன பசங்களுக்கு அங்க ஒத்துவரல, 1982-ல வெஸ்ட் பெர்லினுக்கு ஜாகை மாத்துறாங்க, அடுத்த வருஷமே பர்த்டே பார்ட்டி உடையுது, அதுல இருந்து பேட் சீட்ஸ். கிட்டாருக்கு பிளிக்ஸா பார்கெல்ட். இந்த ஆளோட சொந்த பேண்டுல டிரில்லிங் மெஷின், இரும்புத் தகடு எல்லாம் வாத்தியம். கிட்டாரையும் அவர் அப்படித்தான் வாசிப்பார், எதையோ அறுக்கற மாதிரி. முதல் ஆல்பம் 1984. அதுல குரலும் சத்தமும் ஒண்ணையொண்ணு சந்தேகப்பட்டுக்கிட்டே நடக்கும், நடுவுல இடம் விட்டு விட்டு. பர்த்டே பார்ட்டில அந்த இடமே கிடையாது. பாப்பா பஞ்சை எடுத்துட்டா, அதை நான் கவனிச்சேன், அண்ணாச்சியும் கவனிச்சார், ஆனா ரெண்டு பேரும் காட்டிக்கல.

பல்லாரட்ல காப்பிக்கு நிறுத்தினோம். இது வாரன் எல்லிஸ் ஊர். சின்னப் பையனா இருக்கும்போது ஊர் குப்பைமேட்டுல ஒரு அக்கார்டியனைக் கண்டெடுத்து தூக்கிட்டு வந்த ஆளு. அப்புறம் வயலின், டர்ட்டி த்ரீங்கற பேண்டு, 90-கள் நடுவுல பேட் சீட்ஸ்குள்ள நுழைஞ்சு இன்னைக்கு கேவுக்கு வலது கை, இடது கை எல்லாம் அவர்தான். 1999-ல லண்டன்ல கேவ் பொறுப்பெடுத்து நடத்துன மெல்ட்டவுன் விழால அமெரிக்கப் பாடகி நீனா சிமோன் பியானோல ஒட்டி வச்சிட்டுப் போன சூயிங் கம்மை டவலோட எடுத்து, டவர் ரெக்கார்ட்ஸ் பையில போட்டு இருபது வருஷத்துக்கு மேல காப்பாத்தி வச்சு அதைப் பத்தி ஒரு புஸ்தகமே எழுதினார். ஃபேன்னா அது ஃபேன், நாங்கல்லாம் சும்மா கார்ல சுத்துறவங்க.

அண்ணாச்சிக்கு வாரன்னா ஆகாது. 'இந்த தாடிக்காரன் வந்தான், கிட்டார் போச்சு. 2003-ல பிளிக்ஸா போனான், 2009-ல மிக் ஹார்வியும் போயிட்டான், அதோட பேண்டு முடிஞ்சுது கேட்டியா'. பாப்பா விடல. 'பேண்டுன்னா கிட்டாராப்பா?'. இது பேக்கரி வாசல்ல நடக்குது, சாஸேஜ் ரோல் கையில ஆறிட்டு இருக்கு, பக்கத்து டேபிள் பாட்டிம்மா எங்களைப் பாத்து சிரிக்கிறாங்க, தமிழ்ல அவங்களுக்கு என்ன புரிஞ்சுதோ. எனக்கு என்ன தோணுச்சுன்னா, மிக் ஹார்வி இருந்தவரைக்கும் அவர்தான் வீட்டுக்கு தூண் மாதிரி, யார் எங்க நிக்கணும், எந்த வாத்தியம் எப்போ வரணும்னு பாத்துக்கிட்டவர். தூண் போனப்புறம் கூரை விழல. கூரையே இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு வாரனும் கேவும் பாக்க ஆரம்பிச்சாங்க. மழை உள்ள வரும்தான். அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னேன், 'நல்லா பேசுதலே'ன்னு முடிச்சுட்டார்.

ஸ்டாவெல் தாண்டி ஹைவேயை விட்டு உள்ள திரும்பினதும் நிலம் அப்படியே தட்டையாயிருச்சு. செப்டம்பர்ங்கறதால கனோலா பூத்து ரெண்டு பக்கமும் மஞ்சளோ மஞ்சள், கண்ணு கூசுது, நடுவுல பச்சைக் கோதுமை. ருபன்யப், மின்யிப்னு வாயில நுழையாத ஊருங்க. ஷீப் ஹில்ஸ்ல தானிய சைலோ மேல ஆள் உயரத்துக்கு பத்து மடங்கு முகங்கள் வரைஞ்சிருக்காங்க, 2016-ல அட்னேட் வரைஞ்சது, பூர்வகுடிப் பெரியவங்களும் பிள்ளைங்களும், பின்னாடி நட்சத்திர வானம். காரை நிறுத்தி இறங்கினா காத்து மட்டும்தான். அங்க நின்னு கதவைத் திறந்து விட்டு 1985 ஆல்பத்தோட முதல் பாட்டை ஓட விட்டோம். எல்விஸ் பொறந்த ராத்திரி, புயல், கூடவே செத்துப் பொறந்த அவரோட ரெட்டை. பெர்லின் ஹன்ஸா ஸ்டுடியோல, பெர்லின் சுவருக்கு பக்கத்துல உக்காந்து பாடுனது, சமாச்சாரம் பூரா மிசிசிப்பி. இதை நான் எத்தனையோ தடவை டிரெயின்ல, ஆபீஸ்ல கேட்டிருக்கேன், எப்பவும் ஒரு அமெரிக்கப் படம் மாதிரிதான் மனசுல ஓடும். இங்க கேட்டா மேகம் அங்க கறுத்து நிக்குது, ரோடு நேரா போகுது, சைலோ ஒண்ணுதான் உயரம். மிசிசிப்பி இல்ல, இது கேவ் பொறந்த ஊர் வானம்னு எனக்குப் பட்டுச்சு. அண்ணாச்சி மட்டும் கண்ணை மூடி தலையாட்டிட்டு இருந்தார், அவருக்கு வானமெல்லாம் தேவையில்ல.

ஊருக்கு பத்து கிலோமீட்டர் முன்னாடி, பொழுது சாயற நேரத்துல ஒரு கங்காரு. நான் பிரேக்குல ஏறி நின்னுட்டேன், கங்காரு தப்பிச்சது, தயிர்சாதம் தப்பிக்கல. பின் சீட் பூரா கடுகு கறிவேப்பிலை. இந்த நேரத்துல இந்த ரோட்டுல ஓட்டாதேன்னு எல்லாரும் சொல்லித்தான் அனுப்புனாங்க.

வாரக்னபீல். 2,400 பேர் கூட இருக்கமாட்டாங்க. 1957 செப்டம்பர் 22-ல இங்கதான் கேவ் பொறந்தார், அப்பா இங்கிலீஷ் வாத்தியார், அம்மா ஸ்கூல் லைப்ரேரியன். சின்ன வயசுலயே குடும்பம் வேற ஊருக்குப் போயிருச்சு. அகலமான மெயின் ரோடு, பழைய ஹோட்டல் வராண்டாக்கள், யாரியாம்பியாக் ஓடை. கேவ் பேர்ல ஒரு போர்டு கூட எங்க கண்ணுல படல. பப்புல உக்காந்தோம், டிவில ஃபுட்டி ஃபைனல்ஸ், மொத்த ஊரும் அதுல. இடைவேளைல பக்கத்து பெரியவர்கிட்ட பாப்பா பேச்சு குடுத்தா. 'யாரு? ஓ, அந்த சிலை ஆளு'ன்னார். அது பெரிய கதை. கேவுக்கு ஒரு ஆசை, தாவுற குதிரை மேல கோவணம் மட்டும் கட்டிட்டு தான் உக்காந்திருக்கற மாதிரி தங்கக் கலர்ல ஒரு சிலை செஞ்சு, லாரில ஏத்தி இந்த ஊருக்கு பரிசா கொண்டாந்து குடுக்கணும், வேண்டாம்னு சொல்லிட்டா பாலைவனத்துல கொண்டுபோய் இறக்கிடணும். விளையாட்டா வினையான்னு தெரியாத அளவுக்கு பல வருஷம் பேசிட்டு இருந்தார். பெரியவர் ரெண்டு வாய் பீர் குடிச்சிட்டு, 'சிலை வந்தா குருவிங்க உக்கார ஒரு இடம்'னு சொல்லிட்டு மேட்ச் பாக்கத் திரும்பிட்டார்.

மோட்டல்ல மூணு கட்டில் சொல்லி புக் பண்ணது, ரெண்டுதான் இருந்துச்சு. நான் தரைல படுத்து எழுதறேன். ஸ்பீக்கர்ல 1988 ஆல்பம் ஓடுது, மின்சார நாற்காலில உக்காந்தவன் பேசற அந்த நீளப் பாட்டு. பன்னிரண்டு வருஷம் கழிச்சு அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷே இதை எடுத்துப் பாடினார். அண்ணாச்சி பொற்காலம் இன்னைக்கு ராத்திரியோட முடியுது, ஆள் கொஞ்சம் டல்லா இருக்கார்.

நாள் 3, சனி. வாரக்னபீல் டு வாங்கரட்டா

இன்னைக்கு முழுக்க ஸ்டியரிங்தான், டொனால்ட், செயின்ட் அர்னாட், பெண்டிகோ, ஷெப்பர்டன்னு 400 கிலோமீட்டருக்கு மேல. ரோட்டுல எழுத ஒண்ணுமில்ல. கார் இன்னும் தயிர் நாத்தம்.

ஆனா கார்குள்ள செம சண்டை. 1990 ஆல்பம் போட்டதும் ஆரம்பிச்சது. அப்போ கேவ் பிரேசிலுக்கு, சாவோ பாலோவுக்குப் போயிட்டார், போதையில இருந்து வெளிய வந்திருந்த நேரம், காதல், ஆல்பத்துல பியானோவும் வயலின் கூட்டமும். அன்னைக்கே பழைய ஃபேன்ஸ் நிறைய பேர் 'பய மெத்துன்னு ஆயிட்டான்'னு கை கழுவுனாங்க. பாப்பா கப்புனு பிடிச்சிக்கிட்டா. 'அப்பா நீங்க 2013-க்கு சொல்ற அதே டயலாக்கை 1990-ல வேற அங்கிளுங்க சொல்லிருக்காங்க. 1997-லயும் சொல்லிருப்பாங்க. அப்போ எப்பதான் அவர் சரியா இருந்தாரு?'. அண்ணாச்சிகிட்ட பதில் இல்ல, முறுக்கை உடைச்சு வாயில போட்டுக்கிட்டார். எனக்கும் சுருக்குனுச்சு, ஏன்னா 1997-க்கு நானே நாலு வருஷம் லேட்டா வந்தவன், வந்துட்டு 2004-ல 'அந்த 97 மாதிரி வராதுப்பா'ன்னு ஹாஸ்டல்ல பேசுனவன். ஆளாளுக்கு நம்ம நுழைஞ்ச வாசல்தான் வீடுன்னு நினைச்சிக்கிறோம்.

1994 ஆல்பம் வந்தப்போ பாப்பா சவுண்டை ஏத்தினா, அவளோட வாசல் அது. அந்த மணி அடிக்கிற பாட்டோட தலைப்பே மில்டன் கவிதைல இருந்து எடுத்தது, பழிவாங்கற கடவுளோட சிவந்த வலது கை. பர்மிங்காம் ரவுடிகள் கதைக்கு அது இருபது வருஷம் கழிச்சு டைட்டில் ஆகும்னு யார் கண்டா. அப்புறம் 1996, கொலைப் பாட்டுகள். ஒரு ஆல்பம் முழுக்க பொணம், அதுல ஒரு பாட்டுக்கு மெல்போர்ன்ல வளந்த பாப் ஸ்டார் கைலி மினோக். அது ஆஸ்திரேலியாவுல 2-வது இடம் வரைக்கும் போச்சு, சின்னப் பசங்க பாத்துட்டு இருந்த டிவி ஷோல எல்லாம் ஆத்தங்கரைப் பொணம். அந்த வருஷமே எம்டிவி பெஸ்ட் ஆண் பாடகர்னு நாமினேட் பண்ணினதுக்கு, மரியாதையா நன்றி சொல்லி, என் கலைதேவதை பந்தயக் குதிரை இல்ல, தயவுசெஞ்சு பேரை எடுத்துடுங்கன்னு லெட்டர் போட்டார்.

எல்லாரும் அடுத்து இன்னும் ரத்தம்னு நினைச்சிருப்பாங்க. அடுத்த வருஷம் வந்தது வெறும் பியானோ. கொலைகாரன் வேஷம், தீர்க்கதரிசி வேஷம் எல்லாத்தையும் ஆணில மாட்டிட்டு மனுஷன் சட்டையோட வந்து உக்காந்த மாதிரி. இன்எக்ஸ்எஸ் பேண்டு பாடகர் மைக்கேல் ஹட்சென்ஸ் இறுதிச் சடங்குல அந்த முதல் பாட்டைத்தான் பாடினார், பாடும்போது டிவி கேமராவை அணைக்கச் சொல்லிட்டு. பெண்டிகோ தாண்டி மழை பிடிச்சிக்கிச்சு, வைப்பர் சத்தம், பியானோ, யாரும் பேசல. அண்ணாச்சி மெதுவா 'இது நல்லாத்தான் இருக்கு, நான் எப்பல இல்லன்னேன்'னார். எப்பவும்தான் சொல்லிருக்கார்.

வாங்கரட்டா வந்து சேரும்போது ராத்திரி 8. இன்னைக்கு இவ்ளோதான்.

நாள் 4, ஞாயிறு. வாங்கரட்டா

காலைல ஹோலி டிரினிட்டி கதீட்ரல். கேவ் சின்ன வயசுல பாட்டுக்குழுவுல பாடின கோயில். அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையோட ஆறரைக்கே ரெடி. கல்லு கட்டடம், உள்ள குளிரு, ஒரு முப்பது பேர், பாதிக்கு மேல தலை நரைச்சவங்க. ஆர்கன் ஆரம்பிச்சது. அண்ணாச்சி பாளையங்கோட்டைல சின்ன வயசுல குயர்ல இருந்தவர்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இங்கிலீஷ் பாட்டுதான், ஆனா ராகம் அவருக்குத் தெரிஞ்சது, புஸ்தகத்தைப் பாக்காம கீழ்க்குரல்ல தமிழ் வார்த்தையப் போட்டுப் பாடிட்டு இருந்தார். முன்னாடி பெஞ்சு அம்மா திரும்பிப் பாத்து தலையாட்டுனாங்க.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து சொன்னார், 'குயர்ல நிக்கப்போ ஒண்ணு உண்டும் தம்பி. ஒன் குரல் தனியா கேட்டா வாத்தியார் முறைப்பாரு. கேக்கலன்னாலும் முறைப்பாரு'. நான் சும்மா இருந்தேன். எனக்கு 2004 டபுள் ஆல்பத்துல வர்ற காஸ்பல் குயர், போன வருஷம் கேட்டுட்டே இருந்த 2024 ஆல்பத்துல வர்ற குயர் எல்லாம் ஓடுது. மனுஷன் வயசானதும் சாமி பக்கம் போயிட்டார்னு சொல்றவங்க இந்த ஊருக்கு ஒரு தடவை வரலாம். எட்டு ஒம்போது வயசுல வெள்ளை அங்கி போட்டு நின்ன இடத்துக்கு சுத்திச் சுத்தி வந்திருக்கார். 1980-கள்ல பைபிளை வச்சு மிரட்டினார், இப்போ அதே பைபிளை வச்சு கேள்வி கேக்கறார், புஸ்தகம் ஒண்ணுதான்.

மத்தியானம் ஆத்துப் பக்கம், ரயில் பாலம். பசங்க தண்டவாளத்துல காது வச்சு ரயில் வருதான்னு கேட்டு, வருதுன்னு தெரிஞ்சதும் பாலத்து மேல ஓடி, கிட்ட வர்ற நேரத்துல ஆத்துல குதிப்பாங்களாம், கேவ் அடிக்கடி சொல்ற கதை. கீழ நின்னு பாத்தோம். உயரம்தான். தண்ணி பழுப்பா, மரக்கட்டை எல்லாம் மிதந்துட்டு. பாப்பா ஃபோட்டோ எடுத்தா, அண்ணாச்சி 'கிறுக்குப் பயலுவ'ன்னார், ஆனா முகத்துல கொஞ்சம் பொறாமை. அங்க நிக்கும்போது வேற ஒரு நினைப்பும் வந்துச்சு, 2015-ல இங்கிலாந்து பிரைட்டன் பக்கத்து பாறை முனை, அங்க இருந்து விழுந்து இறந்த அவரோட 15 வயசு மகன் ஆர்தர். பாலத்துல இருந்து குதிச்சு பிழைச்சவர் அப்பா. மூணு பேருக்குமே அது மனசுல ஓடியிருக்கும், யாரும் வாயைத் திறக்கல.

திரும்பும்போது பக்கத்துல க்ளென்ரோவன். 1880-ல கொள்ளைக்காரன் நெட் கெல்லி இரும்புக் கவசத்தோட போலீஸ்கிட்ட கடைசியா மோதின ஊர், இப்போ 6 மீட்டர் உயரத்துல பொம்மை கெல்லி நிக்குது, டீ-ஷர்ட், சாவிக்கொத்து, எல்லாம் விக்கிறாங்க. டூரிஸ்ட் கடைன்னு கடந்து போயிருப்பேன், ஒரு விஷயம் தெரியலைன்னா. 1967-ல வாங்கரட்டால கெல்லியப் பத்தி ஒரு கருத்தரங்கு நடத்தி, அதைப் புஸ்தகமாவும் தொகுத்தவர் காலின் கேவ், அதாவது நிக்கோட அப்பா. பையனுக்கு அப்போ பத்து வயசு கூட முழுசா ஆகல. கொள்ளைக்காரனைப் பத்தி பெரிய மனுஷங்க சட்டை போட்டு உக்காந்து சீரியஸா பேசற வீட்டுல வளந்த பிள்ளை, பின்னாடி கொலைப் பாட்டு ஆல்பமும் ஆஸ்திரேலியக் காட்டுக் கொள்ளையர் படத்துக்கு திரைக்கதையும் எழுதினதுல என்ன ஆச்சரியம். அப்பா அதுல ஒண்ணைக் கூட பாக்கல, அதுதான்.

ராத்திரி கிரைண்டர்மேன். 2007-ல வாரனோட சேந்து மீசை வச்சிக்கிட்டு கேவ் கிட்டாரைத் தூக்கி கத்தின சைடு பேண்டு. அண்ணாச்சி கட்டில்ல எழுந்து உக்காந்துட்டார். 'இதுல வாரன்தானே இருக்காரு'ன்னு பாப்பா கேட்டதுக்கு லைட்டை அணைக்கச் சொல்லிட்டார். அந்த வருஷமே ஆரியாங்கற ஆஸ்திரேலிய இசை விருதோட ஹால் ஆஃப் ஃபேம்ல கேவை மட்டும் தனியா சேத்தாங்க, இவர் மேடையிலயே, என் கூட வாசிச்சவங்களையும் நானே சேக்குறேன்னு பேர் சொல்லிட்டு இறங்கினார். அண்ணாச்சிக்கு அதுல மட்டும் எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது.

நாள் 5, திங்கள். வாங்கரட்டா டு மெல்போர்ன்

2013, 2016 ஆல்பங்களை நேத்து ராத்திரியே முடிச்சிட்டதால இன்னைக்கு ஹியூம் ஃப்ரீவேல கோஸ்டீன்ல ஆரம்பம். 2019, மகன் போனப்புறம் முழுசா எழுதின முதல் ஆல்பம். 2016 ஆல்பத்துப் பாட்டுங்க பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே எழுதினது, கேக்கறவங்கதான் வேற மாதிரி கேட்டோம். கோஸ்டீன்ல டிரம்ஸே கிட்டத்தட்ட கிடையாது. ரெண்டு பாகம், முதல் பாகத்துப் பாட்டுங்க பிள்ளைங்க, ரெண்டாவது பாகத்துல இருக்கறது அவங்களோட அப்பா அம்மான்னு அவரே சொன்னார்.

என் வாசல் 97-ன்னு சொன்னேன்ல, அது பாதிதான். 2020-ல அம்மா போனப்போ ஃபிளைட் இல்ல, பார்டர் மூடியிருந்துச்சு, மெல்போர்ன்ல 5 கிலோமீட்டர் தாண்டக்கூடாது, ராத்திரி வெளிய வரக்கூடாது. காரியம் எல்லாம் வீடியோ கால்ல பாத்தேன், தம்பி ஃபோனைப் பிடிச்சிருந்தான், நடுநடுவுல அவன் கை நடுங்கினப்போ ஸ்கிரீன்ல பந்தல் துணி மட்டும் தெரியும். அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மாசம் அந்த 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளயே தினம் இந்த ஆல்பத்தைப் போட்டு நடந்தேன். வேற எதுவும் கேக்க முடியல, இளையராஜா கேட்டா உடைஞ்சிருவேன், இது அந்நிய மொழி, அந்நிய ஆளு, அதனால தாங்குச்சு. 2018-ல இருந்து ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ்னு ஒண்ணு நடத்தறார்ல, யார் வேணா கேள்வி அனுப்பலாம், அவரே உக்காந்து பதில் எழுதுவார். அதுக்கு ஒரு கேள்வி எழுதினேன். கைபேசி நோட்ஸ்ல இன்னும் இருக்கு. அனுப்பல. இங்கிலீஷ்ல எழுதினப்போ அது என் அம்மாவைப் பத்தின கேள்வி மாதிரியே இல்ல.

இதைக் கார்ல சொல்லல. ஆல்பம் ஓடும்போது கண்ணாடில பின் சீட்டைப் பாத்தேன், அண்ணாச்சி தூங்கல. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்தார். சேமூர்ல டீக்கு நிறுத்தினப்போ, 'லே, அந்த லாக்டவுன்ல ஒங்க வீட்டுக்கு சோறு கொண்டாந்தேன்லா, கதவுகிட்ட வச்சிட்டுப் போனேன். அப்ப இதுதான் ஓடிட்டு இருந்துச்சா உள்ள?'ன்னார். ஆமான்னேன். 'நான் என்னமோ டிவி ரிப்பேருன்னு நினைச்சேன்'. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம், டீ மூக்குல ஏறிடுச்சு.

அப்புறம் கார்னேஜ், அப்புறம் 2024. பதினெட்டாவது. டிரம்ஸ் திரும்ப வந்திருக்கு, பேண்டு திரும்ப வந்திருக்கு, குயர் மேல மேல ஏறுது, 2022-ல இன்னொரு மகனையும் பறிகொடுத்தவர் இவ்ளோ சந்தோஷமா சத்தம் போடறார்னா அதைக் கேக்கவே கொஞ்சம் பயமா இருக்கு. பாப்பா ஹேங்கிங் ராக் கச்சேரிக் கதைய எடுத்தா, 2022 நவம்பர், நானும் அவளும் போயிருந்தோம், கேவ் முன்வரிசைக்கு வந்து நீட்டுன கையெல்லாம் பிடிச்சிக்கிட்டே பாடினார், அதுல ஒண்ணு இவ கை. 'வேர்வையா இருந்துச்சுப்பா, இறுக்கமா பிடிச்சாரு, அவர் கீழ விழுந்துடாம நாங்க பிடிச்சிருந்தோமா, எங்களை அவர் பிடிச்சிருந்தாரான்னு தெரியல'. நாப்பது வருஷம் முன்னாடி இதே முன்வரிசையை உதைச்ச கால். அண்ணாச்சி அவ கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பாத்தார், ரேகை பாக்கற மாதிரி, ஒண்ணும் சொல்லாம விட்டுட்டார்.

எக்செல் கணக்கு எங்க தப்புச்சுன்னா ரிங் ரோட்டுல. ஏதோ ரோடு வேலை, வண்டி நகரல, கடைசி பாட்டு முடிஞ்சிருச்சு, வீட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம். பத்து நிமிஷம் சத்தமே இல்லாம உக்காந்திருந்தோம், பிரேக் லைட் வரிசையைப் பாத்துக்கிட்டு. 'ஏட்டி, என்னத்தையாவது போடு'ன்னார் அண்ணாச்சி. பாப்பா 1984-க்குப் போகட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டார். 97-ம் வேண்டாம். கடைசில கனோலா ரோட்டுல காத்து சத்தத்தோட அவ ஃபோன்ல எடுத்த வீடியோவைப் போட்டா, அதுல பின்னாடி கார் ஸ்பீக்கர்ல எல்விஸ் புயல் தேஞ்சு கேக்குது, முன்னாடி காத்து, நடுவுல என் குரல் 'கடுகு சீட்டுக்கு அடியில எல்லாம் போயிருக்கு'ன்னு.

அது கங்காருக்கு அப்புறம் எடுத்த வீடியோ, வேற வீடியோன்னு அவ சொல்றா. கார் இன்னும் கழுவல. கண்ணாடி பூரா பூச்சி.